1957 ஆகஸ்ட் 31க்கு எத்தனை எண்கள்?

(பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் பெரட்டில்தான் தொடங்கியது. விடியுமுன், இருட்டு விலகாத வேளையில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். அந்தப் பேரேட்டின் பக்கத்தில் இடது ஓரம் பெயர்கள் இருக்கும். மேலே 1 முதல் 31 வரை கட்டங்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வெற்றுக் கட்டம். மாதக் கடைசியில் குறிகளைக் கூட்டினால் 26 என்றோ 22 என்றோ ஓர் எண் நிற்கும். மழை பெய்த நாள், காய்ச்சலில் படுத்த நாள், ஊர்த் திருவிழாவுக்குப் போன நாள் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். சம்பளம் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

தேதியை எண்ணாக்கும் வேலை, ஆக, இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்று அதைத் தரவுத்தளங்கள் செய்கின்றன. கிராணி ஒருவர் மாதம் முழுக்கச் செய்ததை ஒரு வினவல் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால் கிராணி எந்த நாளிலிருந்து எண்ணினார் என்பது செக்ரோலின் தலைப்பிலேயே எழுதியிருந்தது. கணினியின் எண்ணோடு அந்தத் தலைப்பு வருவதில்லை. இந்த உரை அந்த விடுபட்ட தலைப்பைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு மலேசியர் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத ஒரு நாளையே எடுத்துக்கொள்ளலாம்: 1957 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா எனும் விடுதலைப் பிரகடனத்தை வாசித்த நாள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்தத் தேதி விழா நாள் மட்டுமல்ல, சட்டத்தின் எல்லைக்கோடும் அதுதான். மெர்டேக்கா நாளன்றோ அதற்குப் பிறகோ, 1962 அக்டோபருக்கு முன் கூட்டரசு மண்ணில் பிறந்தவர், பிறப்பினாலேயே குடிமகன் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. அதற்கு முந்திப் பிறந்தவர்களுக்கு வேறு விதிகள், வேறு வழிகள். பிறப்புப் பத்திரமும் குடியுரிமைத் தாளும் இல்லாமல் அலைந்த மலேசிய இந்தியர்களின் துயரம் இந்த நாட்டில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஆகஸ்ட் 29க்கும் 31க்கும் உள்ள இடைவெளி வெறும் இரண்டு நாள் அல்ல.

இந்த ஒரே நாளைக் கணினிகள் எப்படி எழுதுகின்றன என்று பாருங்கள். எக்செல் தாளுக்கு அது 21,063. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வருக்கு 21,061. மைஎஸ்கியூஎலின் 'டூ டேஸ்' கட்டளையைக் கேட்டால் 715,022 என்கிறது. ஆரக்கிளில் ஜூலியன் நாள் கேட்டால் 2,436,082 வருகிறது. போஸ்ட்கிரெஸ் தன் உள்ளே அதை −15,463 என்று வைத்திருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் நாளை விட்டு நொடியை எண்ணுவதால், மலாயாவில் அந்த நாள் பிறந்த நள்ளிரவு அவற்றுக்கு −389,345,400.

ஆறும் சரியான விடைகள்தாம். ஒவ்வொன்றும் வேறு பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. எஸ்கியூஎல் சர்வருக்கு 1900 ஜனவரி 1 பூஜ்யம். யூனிக்ஸுக்கு 1970 ஜனவரி 1. போஸ்ட்கிரெஸுக்கு 2000 ஜனவரி 1. அதனால்தான் மெர்டேக்கா அங்கே கழித்தல் குறியோடு நிற்கிறது. ஜூலியன் நாள் கிறிஸ்துவுக்கு முன் 4713ஆம் ஆண்டிலிருந்து ஓடி வருவது. மைஎஸ்கியூஎல், ஆண்டுக் கணக்கில் எவரும் வாழாத பூஜ்ய ஆண்டிலிருந்து எண்ணுகிறது.

எக்செல் மட்டும் ஏன் எஸ்கியூஎல் சர்வரைவிட இரண்டு கூடுதலாகச் சொல்கிறது? முதல் ஒன்றுக்குக் காரணம் எளிது: 1900 ஜனவரி 1ஐ எஸ்கியூஎல் சர்வர் பூஜ்யம் என்கிறது, எக்செல் ஒன்று என்கிறது. இரண்டாவது ஒன்றின் கதை சற்று நீளம். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணிவிட்டது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 அப்படி வகுபடாது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் தாள்களோடு ஒத்துப்போக வேண்டி அந்தப் பிழையையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. இன்றும் எக்செலில் 60 என்ற எண்ணைத் தேதியாக்கினால் 1900 பிப்ரவரி 29 வரும். உலகில் விடியாத நாள் அது.

இனி ஓர் அலுவலக மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ தரவுத்தளத்தில் பிறந்த தேதிகளை எண்களாக மாற்றி எடுக்கிறார். 21061 வெளியே வருகிறது. அதை எக்செல் தாளில் ஒட்டி, அந்த நெடுவரிசையைத் தேதி வடிவத்துக்கு மாற்றுகிறார். தாளில் 1957 ஆகஸ்ட் 29 என்று அழகாக எழுந்து நிற்கிறது. பிழைச் செய்தி இல்லை, சிவப்புக் கோடு இல்லை. மெர்டேக்கா அன்று பிறந்தவர் மெர்டேக்காவுக்கு இரண்டு நாள் முந்திப் பிறந்தவராகிவிட்டார். இந்தக் கோளாற்றை எந்த இயந்திரமும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இரண்டு இயந்திரங்களும் தத்தம் கணக்கைச் சரியாகவே செய்தன.

அதே எஸ்கியூஎல் சர்வரில் இன்னொரு பொறியும் உண்டு. தேதியும் நேரமும் சேர்ந்த மதிப்பை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் அது நேரத்தை வெட்டி எறிவதில்லை, கிட்டத்து முழு எண்ணுக்கு நகர்த்துகிறது. ஆகஸ்ட் 31 காலை பத்து மணி 21,061 ஆகும். அதே நாள் பிற்பகல் இரண்டு மணி 21,062 ஆகிவிடும். மதியத்துக்கு மேல் நடந்ததெல்லாம் மறுநாள் கணக்கில் ஏறும். நாள் எண்தான் வேண்டும் என்றால் முதலில் நேரத்தைக் கழித்துத் தேதியை மட்டும் எடுக்க வேண்டும், பிறகே எண்ணாக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு தேதிகளுக்கு இடையிலான நாள்களைத் தரும் கட்டளையையே பயன்படுத்தி, எந்த நாளிலிருந்து என்பதையும் அந்தக் கட்டளைக்குள்ளேயே சொல்லிவிடலாம்.

இதெல்லாம் கணினி கொண்டுவந்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளை ஒற்றை எண்ணாக எழுதும் வழக்கம் தமிழ் நாட்டின் தென்கோடியில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே செப்பேட்டில் ஏறியிருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் திருமால் கோயிலும், தொண்ணூற்றைந்து மாணவர் பயிலும் சாலையும் நிறுவிய செய்தியைச் சொல்லும் செப்பேடு அது. அதில் நாள் குறிக்கப்பட்ட விதம் கலியுகத்தில் சென்ற நாள்களின் தொகை: பதினான்கு நூறாயிரத்து நாற்பத்தொன்பதினாயிரத்து எண்பத்தேழு. இலக்கத்தில் 1,449,087. கலி தொடக்கத்தைக் கிறிஸ்துவுக்கு முன் 3102 பிப்ரவரி 18 என்று கொண்டு எண்ணினால் அது 866ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள்.

அந்தச் செப்பேட்டை எழுதியவர் கிராணி செய்ததைத்தான் செய்திருக்கிறார். எண்ணை மட்டும் பொறித்துவிட்டு நிற்காமல், அது கலியுகத்து நாள் என்பதையும் சேர்த்துப் பொறித்தார். அதனால்தான் இன்று ஒருவர் அதைப் படித்து நாளைக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்த எண்ணோடு தொடக்கம் இல்லாதிருந்தால், கல்வெட்டறிஞர்கள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இந்த நாள் தொகையை வைத்துத்தான் கிரகணம் பார்த்தார்கள். 1825இல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்ற நூலில் ஜான் வாரன் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளைப் பரப்பியே கணக்கிட்டார். காகிதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை, வாய்பாடுகள் மனப்பாடம். முதல் வேலை கலி நாள் தொகையைக் காண்பது. அடுத்து அதிலிருந்து 1,600,984 என்ற எண்ணைக் கழிப்பது. மீதியை 12,372ஆல் வகுத்து, அந்த மீதியை 3,031ஆல் வகுத்து, அதன் மீதியை 248ஆல் வகுத்து, கடைசியில் எஞ்சும் எண் சுட்டும் மனப்பாட வாக்கியத்தைச் சொன்னால் நிலவின் இடம் தெரியும். 248 நாள் என்பது, நிலவு பூமிக்கு நெருங்கி விலகி மீண்டும் நெருங்கும் சுற்று ஒன்பது முறை நிறைவேறும் காலம்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1825 மே 31க்குக் கலி நாள் 1,799,312. நாளை நள்ளிரவில் தொடங்குவதா, சூரிய உதயத்தில் தொடங்குவதா என்பதைப் பொறுத்து ஒன்று கூடும், குறையும். 1,600,984ஐக் கழித்தால் 198,328. அதில் 12,372 பதினாறு முறை போகும், மீதி 376. அது 3,031ஐவிடச் சிறிது, அந்தப் படியைத் தாண்டலாம். 376இல் ஒரு 248 போக எஞ்சுவது 128. பதினெட்டு லட்சம் நாள்கள் சோழிகளின் மேல் சுருங்கி, 248 வாக்கியங்களுக்குள் ஒன்றாகிவிட்டன. தொலைவான பூஜ்யத்தை விட்டுப் பக்கத்து நாள் ஒன்றைப் புதிய பூஜ்யமாக வைத்துக்கொண்டால் எண் சிறுத்துக் கணக்கு எளிதாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போஸ்ட்கிரெஸ் 2000ஆம் ஆண்டைப் பூஜ்யமாக்கிக்கொண்டதும் இதே வகை வேலைதான். இந்தப் பழங்கணக்குகளை நவீன நாள்காட்டியோடு பொருத்தும் பெரும்பணியைச் செய்தவரும் ஒரு தமிழர்தான். எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் சென்னையில் வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' தொகுதிகள் 700 முதல் 1799 வரையிலான ஆண்டுகளுக்கு நாள்தோறும் கணக்குத் தந்தன.

நாள் தொகையின் பயனை மெர்டேக்காவிலேயே சோதிக்கலாம். அந்த நாளின் கலி எண் 1,847,616. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. கலியின் முதல் நாள் வெள்ளி, அதிலிருந்து ஒன்று தள்ளினால் சனி. ஜூலியன் எண் 2,436,082ஐ ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. அங்கே பூஜ்யம் திங்கள் என்பதால் ஐந்து தள்ள அதே சனி. உண்மையான நாள் தொகை எதுவானாலும் கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாவற்றுக்கும் தாங்கும்.

பார்வைக்கு எண் போலிருந்தும் தாங்காத ஒன்று உண்டு. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒட்டி 19570831 என்று எழுதுவது. வரிசைப்படுத்த இது மிக நல்லது. எது முந்தியது, எது பிந்தியது என்று பிசகாமல் காட்டும். ஆனால் கழிக்கக் கூடாது. 2024 பிப்ரவரி 28க்கும் மார்ச் 1க்கும் இடையே இரண்டு நாள். 20240301இலிருந்து 20240228ஐக் கழித்தாலோ 73 வருகிறது. யாருடைய வேலை நாளையோ கடன் வட்டியையோ இப்படிக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஒவ்வொருவர் பையிலும் இதன் குறுகிய வடிவம் இருக்கிறது. 2001இல் அறிமுகமான மைகார்டின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு, பேராக்குக்கு 08. மெர்டேக்கா அன்று ஈப்போவில் பிறந்தவர் எண் 570831-08 என்று தொடங்கும். நூற்றாண்டுக்கு அதில் இடமில்லை. 2057 ஆகஸ்ட் 31 அன்று ஈப்போவில் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இதே முறை நீடித்தால் இதே எட்டு இலக்கம்தான். அட்டை எண்ணிலிருந்து வயதைப் பிழிந்தெடுக்கும் வினவல்கள் ஒருவரை நூறு வயது கூட்டவோ குறைக்கவோ செய்வதற்கு இதுவே காரணம். பிறந்த தேதியை நான்கு இலக்க ஆண்டோடு தனி நெடுவரிசையில் வைக்க வேண்டும்.

வயதைக் காண நாள் தொகையை 365ஆல் வகுப்பவர்களும் உண்டு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 1964 மார்ச் 15இல் பிறந்த ஒருவருக்கு அறுபது நிறைவது 2024 மார்ச் 15. இடையில் பதினைந்து லீப் நாள்கள் வந்துவிட்டதால், 365ஆல் வகுக்கும் வினவல் பிப்ரவரி 29 அன்றே அவருக்கு அறுபது என்று சொல்லிவிடும். பதினைந்து நாள் சம்பளம் அந்த வகுத்தலில் கரைகிறது. வயது நாள்களின் வகுத்தல் அல்ல. ஆண்டைக் கழித்து, இந்த ஆண்டுப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்று பார்ப்பதே சரியான வழி.

மீண்டும் பெரட்டுக்கு வருவோம். அதிகாலை ஐந்தரைக்குப் பெயர் கூப்பிடும் தோட்டம் ஒன்று இன்று வருகையைத் தரவுத்தளத்தில் பதிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சேவையகங்கள் நேரத்தை யூடிசி எனப்படும் உலக நேரத்தில் வைத்துக்கொள்கின்றன. நம் நேரம் அதைவிட எட்டு மணி முன்னே. கோப்பெங்கில் செவ்வாய் விடியற்காலை ஐந்தரை என்றால் சேவையகத்துக்குத் திங்கள் இரவு ஒன்பதரை. நேரத்தை நாள் எண்ணாக மாற்றிக் கூட்டும் வினவல் செவ்வாய்ப் பெரட்டைத் திங்களில் எழுதும். மாதத்தின் முதல் நாள் பெரட்டு முந்திய மாதச் சம்பளத்தில் ஏறிவிடும். முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, அதன்பின் நாளை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும்.

உள்ளூர் நேரமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. தீபகற்ப மலேசியா 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை அடித்ததும் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி நேரே 1982க்குள் நுழைந்தது. அதுவரை நம் நேரம் உலக நேரத்துக்கு ஏழரை மணிதான் முந்தி. அந்த இரவின் பதினொன்றே முக்கால் இந்த நாட்டில் வரவே இல்லை. இது பழங்கதை மட்டுமல்ல. மெர்டேக்கா நள்ளிரவை இன்றைய எட்டு மணிக் கணக்கில் நொடியாக்கினால் −389,347,200. அதையே 1957இன் உண்மையான ஏழரை மணிக் கணக்கு தெரிந்த வேறொரு மென்பொருள் திரும்பத் தேதியாக்கினால் ஆகஸ்ட் 30 இரவு பதினொன்றரை என்று காட்டும். முன்பு எல்லைக்கோட்டை இரண்டு நாளால் தாண்டினோம், இங்கே அரை மணியால் தாண்டுகிறோம். பிறந்த தேதியை ஒருபோதும் நொடியாக வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. பிறந்த தேதிக்குத் தேதி வகை நெடுவரிசையே போதும்.

வினவல் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. மெர்டேக்காவுக்கும் 1962 அக்டோபருக்கும் இடையே பிறந்தோர் யார் என்று பத்து லட்சம் வரிகளில் தேட வேண்டுமானால், ஒவ்வொரு வரியின் தேதியையும் எண்ணாக்கி ஒப்பிடாதீர்கள். நெடுவரிசையின் மேல் மாற்றுக் கட்டளையைப் போர்த்தினால், தரவுத்தளம் தான் வைத்திருக்கும் அட்டவணைக் குறியீட்டைப் பெரும்பாலும் பயன்படுத்த முடியாமல் பத்து லட்சம் வரிகளையும் புரட்டும். தேதி 1957 ஆகஸ்ட் 31 அல்லது அதற்கு மேல், 1962 அக்டோபர் 1க்குக் கீழ் என்று இரு எல்லைகளை மட்டும் கொடுங்கள். கீழ் எல்லையைச் சேர்த்து மேல் எல்லையை விட்டுவிடும் இந்த முறையில், செப்டம்பர் 30 இரவு கடைசி நொடியில் பிறந்தவரும் விடுபடமாட்டார். அரசியலமைப்பின் வாசகமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது: மெர்டேக்கா நாளன்று அல்லது பின், அக்டோபருக்கு முன்.

இன்னொரு நாள் நெருங்கி வருகிறது. நொடிகளை 32 பிட்டில் எண்ணும் அமைப்புகளுக்கு 2,147,483,647தான் கடைசி எண். அது கோப்பெங் கடிகாரத்தில் 2038 ஜனவரி 19, செவ்வாய், காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அந்த எண் புரண்டு 1901 டிசம்பருக்குப் போய்விடும். 2008 பிப்ரவரியில் முப்பது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கியவரின் கடைசித் தவணை அந்த எல்லைக்கு அப்பால்தான் விழுகிறது. பழைய அட்டவணைகளில் நேரம் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று இப்போதே திறந்து பார்க்க வேண்டியவர்கள் இந்த ஊரிலும் இருப்பார்கள்.

கடைசியாக, கோயில் பதிவேடுகளையும் தோட்டத்துப் பழந்தாள்களையும் கணினியில் ஏற்றும் நல்ல வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு. தெரியாத தேதியைத் தெரியாததாகவே விடுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் வெற்றுச் சொல்லைத் தேதியாக்கினால் 1900 ஜனவரி 1 என்று வரும். பிறந்த நாள் தெரியாத பாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து அரசுத் தாள்களிலும் நாளிதழ்களிலும் ஆண்டு 2602, 2603 என்று இருக்கும். அது அவர்களுடைய பேரரசு ஆண்டு. 660ஐக் கழித்தால் நம் ஆண்டு. தரவுத்தளமோ 2603ஐ மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, இன்னும் பல நூறு ஆண்டு கழித்துப் பிறக்கப்போகிறவர் என்று எழுதிவிடும். ஆகவே மூன்று நெடுவரிசைகள் வையுங்கள். முதலாவதில் தாளில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே: 2603. இரண்டாவதில் மாற்றிய ஆண்டு: 1943. மூன்றாவதில் எப்படி மாற்றினீர்கள் என்பது: ஜப்பானியப் பேரரசு ஆண்டு, 660 கழித்தது, மாற்றியவர் பெயர், மாற்றிய நாள்.